அபுதாபி பெரிய பள்ளிவாசல்: சின்னப் பிள்ளைகளோடு காலையில் போவதா, சாயந்தரமா?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் அரையாண்டு லீவுக்கு அபுதாபி போகிறாள். வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. பெரியவனுக்கு நாலு வயசு, சின்னதுக்கு ஒன்றரை. "அக்கா, ஷேக் சாயித் பள்ளிவாசலுக்குச் சாயந்தரம் போனாத்தான் லைட்டெல்லாம் பாக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க எப்பப் போனீங்க?" என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்.

இரண்டு நேரமும் போனோம். போன டிசம்பரில் தம்பி வீட்டில் பத்து நாள் இருந்தபோது முதலில் ஒரு சாயந்தரம் போனோம். அது சரிப்படாமல் போனதால் இரண்டு நாள் கழித்து ஒரு காலையும் போனோம். என் ஓட்டு காலைக்குத்தான்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கிடையாது. ஆனால் நாளும் நேரமும் போட்டு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்கு முழுக்கை, தளர்வான உடை, தலைக்கு முக்காடு. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

சாயந்தரத்தின் அழகைக் குறை சொல்ல முடியாது. 82 கும்மட்டங்களும் வெள்ளை வெளேரென்று நிற்க, சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டிகளில் தூண்கள் தலைகீழாகத் தெரியும். விளக்கின் நிறம் பிறையைப் பொறுத்து மாறும்: பௌர்ணமிக்கு வெண்மை, தேய்பிறையில் போகப்போக நீலம். கோட்டை மாரியம்மன் பண்டிகை சீரியல் லைட்டையே வாய் பிளந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைக் காட்ட யாருக்குத்தான் ஆசை வராது? போட்டோவும் சாயந்தரம்தான் நன்றாக வரும்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். நம் கைபேசி இறங்கியதுமே மாறிக்கொள்ளும், பிள்ளையின் வயிறும் தூக்கமும் சேலத்து நேரத்திலேயே ஓடும். என் சின்னவளுக்கு இரண்டரை வயசு, இங்கே எட்டரைக்குத் தூங்குகிறவள். அங்கே அது ஏழு மணி. டிசம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்தாலும், இருட்டி, விளக்கு முழுசாக எடுப்பதற்குள் ஆறரை ஆகிவிடுகிறது. சேலத்தில் மணி எட்டு.

இதில் நடை வேறு. பார்வையாளர் நுழைவது தரைக்கடியில் இருக்கும் கடைத்தெரு வழியாக. அங்கே பாதுகாப்புச் சோதனை, அப்புறம் நீண்ட சுரங்கப்பாதை. நகரும் நடைபாதை இருக்கிறது, இருந்தாலும் நீளம் நீளம்தான். திரும்பவும் அதே தூரம். நாங்கள் முற்றத்துக்கு வருவதற்குள் சின்னவள் என் தோளில் சாய்ந்து, என் முக்காட்டையே போர்வையாக இழுத்துக்கொண்டு தூங்கிப்போனாள். பதின்மூன்று கிலோ. பெரியவன் "பசிக்குது" என்று ஆரம்பித்து, சுரங்கப்பாதையில் உட்கார்ந்தே விட்டான். லைட்டைப் பார்த்தது நானும் என் வீட்டுக்காரரும்தான், அதுவும் மாற்றி மாற்றி.

காலையில் கணக்கு அப்படியே திரும்புகிறது. எதற்கும் எழாத பிள்ளைகள் அங்கே ஐந்து மணிக்கே எழுந்து தம்பி வீட்டுச் சோபாவில் குதித்தார்கள். சேலத்தில் ஆறரை அல்லவா! இட்லி சாப்பிட்டு, எல்லாக் கடனும் முடித்து ஒன்பது மணிக்குப் போய் நின்றபோது அவர்களுக்குப் பத்தரை மணி உற்சாகம். கூட்டமும் குறைவு. டிசம்பர் வெயில் ஏற்காட்டு வெயில் மாதிரி இதமாக இருந்தது. வெள்ளைப் பளிங்கு மட்டும் கண்ணைக் கூசும், பிள்ளைகளுக்குத் தொப்பி வேண்டும்.

முற்றத்துத் தரையில் பளிங்கில் பதித்த பூக்கொடியைச் சின்னவள் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். முடியவில்லை. உள்ளே 12 டன் எடையுள்ள சரவிளக்கைப் பார்த்துப் பெரியவன் கேட்ட முதல் கேள்வி, "அது விழுந்துட்டா?" எனக்கோ கண் கம்பளத்தில். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். 5,600 சதுர மீட்டருக்கு மேல், ஈரானில் கையால் முடிச்சுப் போட்டுத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இங்கே இணைத்தது. இணைப்பு எங்கே என்று குனிந்து தேடினேன், சிக்கவில்லை. தோளில் பிள்ளையோடு வந்த அந்தச் சாயந்தரம் இதற்கெல்லாம் குனிய முடிந்திருக்குமா?

நான் பார்த்தது டிசம்பர் மட்டும். மே மாத லீவில் போகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. காலை ஒன்பதுக்கே வெயில் சுடும், சூரியன் மறையவோ ஏழு மணி நெருங்கிவிடும். ஒரு மாதம் தங்குகிறவர்கள் என்றால், பிள்ளைகள் அந்த ஊர் நேரத்துக்குப் பழகிய பிறகு சாயந்தரம் போய்ப் பார்க்கலாம். கைக்குழந்தை எப்படியும் தூங்கும், அதற்கு எந்த நேரமானால் என்ன.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் இவ்வளவும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரிக்கா, காலையிலேயே போறோம். லைட்டை இவரு காருல சுத்திக் காட்டட்டும்" என்றாள். இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. ராத்திரி சாலையிலிருந்தே பள்ளிவாசல் முழுசும் தெரியும், பிள்ளை பின்சீட்டில் தூங்கினாலும் தூங்கட்டும்.