வசந்தத்தில் தோணி: கேம் ஆறா, செர்வெல் ஆறா?

ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்து போகிறீர்கள். ஒருநாள் ‘பன்ட்’ தோணியில் சாவகாசமாகப் போக ஆசை. கேம் ஆறு ஓடும் கேம்பிரிட்ஜ் போகலாமா, செர்வெல் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு போகலாமா? நான் இரண்டு ஊரிலும் கழி பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

தோணி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அடி தட்டையாக இருக்கும். நீளக் கழியை ஆற்றுத் தரையில் ஊன்றித் தள்ளிப் போக வேண்டும். ஆனால் நிற்கிற இடம் வேறு. கேம்பிரிட்ஜில் பின்முனை மேடைமேல் ஏறி நிற்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அந்த மேடை முன்னால் போகும். தள்ளுகிறவர் மறுமுனையில் தோணிக்குள்ளேயே நிற்பார். முதல்முறை கழி எடுப்பவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு வழக்கம்தான் பயமில்லாதது. கழி ஈரமாக மேலே வரும்போது குளிர்ந்த தண்ணீர் முழங்கை வரை ஓடும், அது இரண்டு ஊருக்கும் பொது. சேற்றில் கழி சிக்கிக்கொண்டால் உடனே கையை விட்டுவிடுங்கள். பிடித்துத் தொங்கினால் தோணி போய்விடும், நீங்கள் கழியோடு நிற்பீர்கள்.

காட்சிக்குக் கேம்பிரிட்ஜை மிஞ்ச முடியாது. ‘பேக்ஸ்’ என்கிற பகுதியில் கல்லூரிகளின் பின்புறமெல்லாம் ஆற்றைப் பார்த்தே இருக்கின்றன. கரையில் டாஃபடில் பூக்கள், தண்ணீரைத் தொடும் வில்லோ கிளைகள், கிங்ஸ் கல்லூரித் தேவாலயம், 1640ல் கட்டிய கிளேர் பாலம். அங்கே ‘கணிதப் பாலம்’ என்கிற மரப்பாலத்தை நியூட்டன் கட்டினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 1749ல் கட்டியது, நியூட்டன் 1727லேயே இறந்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்துப் போயின. கல்லூரிகள் கரையில் பாதை விடவில்லை. அதனால் ஆற்றுக்குள்ளேயே சரளைக்கல் மேடு போட்டு, குதிரைகளைத் தண்ணீரில் நடத்தினார்கள். இன்றும் கழி அதில் பட்டால் டக்கென்று கெட்டியாக நிற்கும். கொஞ்சம் விலகினால் சேறு.

குறை, கூட்டம். வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் தோணியோடு தோணி முட்டிக்கொள்ளும். அப்போது மேல் ஆற்றுக்குப் போய் கிராண்ட்செஸ்டர் கிராமம் வரை புல்வெளிகளுக்கு நடுவே தள்ளிப் போகலாம். அது வேறு உலகம், ஆனால் கல்லூரிகள் கண்ணில் படாது.

செர்வெல்லில் கட்டடங்கள் குறைவு. 1904 முதல் இருக்கும் செர்வெல் படகுத்துறையில் தோணி எடுத்து மேலே போனால் மார்ஸ்டனில் விக்டோரியா ஆர்ம்ஸ் மதுவிடுதியின் புல்தரை ஆற்றுக்கே இறங்கி வரும். நடுவில் மரநிழலும் வாத்துக் குஞ்சுகளும்தான். ஏப்ரல் கடைசியில் மாட்லின் கல்லூரிப் புல்வெளியில் ஃப்ரிட்டிலரி பூக்கும்: தலை குனிந்த சின்ன மணி, இதழில் ஊதாக் கட்டம் போட்டாற்போல் இருக்கும். தோணியை விட்டு இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய பூ.

சாவகாசம்தான் வேண்டுமென்றால் என் ஓட்டு செர்வெல்லுக்கு. பிள்ளைகளும் கழி பிடித்துப் பழகலாம், பின்னால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள், கையில் இருப்பது ஒரே நாள் என்றால் கேம்பிரிட்ஜ். அங்கே தோணிக்காரரை அமர்த்திக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு போர்வை எடுத்துப் போங்கள், ஏப்ரல் காற்று ஆற்றின்மேல் நன்றாகவே குளிரும்.

டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம் வரும்போது மட்டும் தோணிக்காரரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ராமானுஜன் இங்கிலாந்து வந்ததும் ஒரு வசந்தத்தில்தான், 1914 ஏப்ரலில். அவர் கடைசி நாட்களில் எழுதி, பின்னர் தொலைந்துபோனதாகவே சொல்லப்பட்ட தாள்கள் 1976ல் அந்த நூலகத்தில்தான் கிடைத்தன. ஆற்றிலிருந்தே அதன் சன்னல் வரிசை தெரியும்.