பழைய டயரை எடுத்துச் செல்லும் சேவை: 4,950 ரூபாவுக்கு என்ன கிடைத்தது?

களுதாவளையில் எங்கள் வளவின் பின்புறம், அப்பா வேனும் உழவு இயந்திரமும் வாடகைக்கு ஓட்டிய காலத்தில் சேர்ந்த 19 பழைய டயர்கள் கிடந்தன. ஓட்டோ டயர் ஆறு, வேன் டயர் ஒன்பது, லொறி டயர் இரண்டு, உழவு இயந்திரத்தின் பின் டயர் இரண்டு. எதற்கும் உதவும் என்று அவர் எடுத்து வைத்தவை, ஐப்பசி மழைக்கு முன்னர் வளவு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்ணில்தான் முதலில் பட்டன. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் சிரட்டையையும் தகரப்பேணியையும் போலப் பழைய டயரையும் குறிப்பிடுகிறது என்று விளக்கி, ஒரு வாரத் தவணை தந்து சென்றார். மட்டக்களப்பு–கல்முனை வீதியில் புது டயர் விற்கும் கடையொன்று, கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய டயர்களை வீட்டுக்கே வந்து ஏற்றிச் செல்கிறது என்பதை அந்த வாரத்தில்தான் அறிந்தேன். குறையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

காசு கொடுத்து ஏன் கழிக்க வேண்டும் என்று நானும் முதலில் எண்ணினேன். குப்பை ஏற்ற வருபவர்கள் டயரைத் தொடுவதில்லை. பழைய இரும்பு வாங்குபவர், உள்ளே கம்பி இருப்பது தெரிந்தும், அதைப் பிரித்தெடுக்கும் பாட்டுக்கு விலை கட்டாது என்று போய்விட்டார். பக்கத்து வீட்டு மாமாவோ, "ஒரு ஹர்த்தால் வரட்டும் மகன், ஒண்டும் மிஞ்சாது" என்றார். பகிடியாகச் சொன்னாலும், எங்கள் பகுதியில் பல டயர்கள் அப்படி வீதியில் எரிந்துதான் முடிந்திருக்கின்றன. ஆனால் ஒன்றும் மிஞ்சாது என்பது சரியல்ல. எரிந்த இடத்தில் கம்பிச் சுருளும் கறுத்த எண்ணெயும் மிஞ்சும். கிணற்று நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கும் எங்கள் மணற்தரையில் அந்த எண்ணெய் எங்கே இறங்கும் என்பதையும், பென்சீன் கலந்த புகை யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் யோசித்தால், தீக்குச்சியை எடுக்க மனம் வராது.

கடைக்காரர்கள் மூன்று நாளில் வருவதாகச் சொல்லி ஆறாம் நாள் வந்தார்கள். தவணைக்கு ஒரு நாள் மீதமிருந்ததால் தப்பினேன். வந்த பின்னர் வேலை நன்றாகவே நடந்தது. இரண்டு பேர், பட்டா என்கிற ஒரு சிறிய லொறி. ஒவ்வொரு டயரையும் சாய்த்துத் தண்ணீரை வெயில் விழும் தரையில் ஊற்றிவிட்டே ஏற்றினார்கள். நெளிந்து கொண்டிருந்த குடம்பிகளைப் பார்த்து அம்மா வாயடைத்துப் போனார். ஓட்டோ டயருக்குத் தலா 100 ரூபா, வேன் டயருக்குத் தலா 250, வண்டிக்கூலி 3,500. கூலி டயர்க் கட்டணத்தை விட அதிகமாக இருக்கிறதே என்று கேட்டதற்குக் கடை முதலாளி தந்த பதில், இந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதையும் சொல்லிவிட்டது: "தம்பி, நாங்க ஏத்துறது டயர் இல்ல, காத்து." உண்மைதான். முழு டயரொன்று அடைக்கும் இடத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெற்றிடம். நிறையைப் பார்த்தால் வேன் டயர் பத்துக் கிலோ அளவில்தான் வரும். இடத்தைப் பார்த்தால் பதினைந்து டயரில் ஒரு பட்டா நிறைந்துவிடுகிறது.

என்னைக் கவர்ந்தது லொறி டயர்களை அவர்கள் பார்த்த விதம். ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்து இறுக்கிய பின்னர் பிளாஸ்டிக்கைப் போல உருக்கி வார்க்க முடியாது. ஆகவே டயரைத் திரும்பவும் டயராகவே ஓட வைக்கும் ஒரே வழி, தரையில் படும் தேய்ந்த பூவைச் சுரண்டிப் புதுப் பூ ஒட்டி வேகவைக்கும் ரீபில்ட்தான். வேலைக்காரத் தம்பி உட்புறம் முழுவதும் கையை ஓட்டி, ஆணித் துளைகளை எண்ணி, பக்கச் சுவரை மடக்கிப் பார்த்தார். ஒன்றைக் கேசிங்காக, அதாவது புதுப் பூ ஒட்டத் தகுந்த உடலாக, ஏற்று 2,000 ரூபா கழித்தார். மற்றதன் பக்கச் சுவர் வெடித்திருந்ததால் அதற்கு 600 ரூபா கட்டணமானது. பக்கத்தில் பொறித்திருந்த நான்கு இலக்கம் 1409; அதாவது 2009ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்த டயர். அந்த வயதுக்கு மேல் வாதாட எனக்கும் நியாயம் இருக்கவில்லை. எல்லாம் சேர்த்து 4,950 ரூபா கொடுத்தேன். என் கணக்கில் இது நியாயமான தொகை.

என் மனக்குறை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. பற்றுச்சீட்டில் "பழைய டயர் 17" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எங்கே போகின்றன என்று கேட்டபோது, தம்புள்ளையிலிருந்து மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறிகளில் ஏற்றி, அங்கிருந்து மேற்குக் கரைக்கு அனுப்புவதாக முதலாளி சொன்னார். நம்பக்கூடிய பதில்தான். புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் கழிவுகளும் எரிபொருளாகின்றன; 1,450 பாகை அளவுக்குச் சூடேறும் அந்த நெருப்பில் ரப்பர் முற்றாக எரிய, கம்பியின் இரும்பும் சீமெந்தோடு சேர்ந்துவிடும். காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகளுக்கும் ஒரு பகுதி போகிறதாம். அத்தகைய ஆலையை ஒழுங்காக நடத்தாவிட்டால் எங்கள் வளவுப் புகை இன்னொருவர் ஊருக்குப் போனது போலத்தான்.

இரண்டு வாரம் கழித்து ஓட்டோவுக்குக் காற்றடிக்கக் கடைக்குப் போனபோது பின்புறத்தை எட்டிப் பார்த்தேன். கூரைக் கொட்டகைக்குள் அடுக்கியவை உலர்ந்திருந்தன. கொட்டகை கொள்ளாமல் வெளியே குவித்தவற்றின் மேல் ஒரு தறப்பாள். அதன் குழிகளில் மழைநீர். லொறி நிறையும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் இந்தத் தேக்கம் என்றார்கள். டெங்கு நுளம்பின் முட்டை டயரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1985இல் ஆசியப் புலி நுளம்பு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குடியேறியது, கப்பலில் போன பழைய டயர்களோடுதான் என்று கருதுகிறார்கள். ஆகவே என் வீட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஏற்றியது மட்டும் போதாது. கொட்டகையை இன்னும் பத்து அடி நீட்டும் வரை நான் இந்தச் சேவைக்கு ஐந்தில் மூன்றுதான் கொடுப்பேன். மாரி தொடங்கிய பிறகு கொடுப்பதை விட, ஆவணியில், கொட்டகை காலியாக இருக்கும்போது அழைப்பது நல்லது. பற்றுச்சீட்டில் போகும் இடத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பலர் கேட்டால் எழுதுவார்கள்.

உழவு இயந்திர டயர்கள் இரண்டையும் அவர்கள் எடுக்கவில்லை. வெட்டும் கருவி இல்லாமல் அவற்றை ஏற்றினால் வேறெதற்கும் இடமிராது என்றார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்யும் எவருக்கும் இந்தச் சேவை அந்த அளவில் பயன்படாது. பெரும்போக அறுவடை முடிந்து பெரிய லொறிகள் வரும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இரண்டையும் வாய் வரை மணல் நிரப்பி வேலியோரம் படுக்க வைத்திருக்கிறேன். ஒன்றில் அம்மா வெண்டி போட்டிருக்கிறார்.