வயது வந்தபின் ஆட்டிசம், ஏடிஎச்டி பரிசோதனை: எந்த வழியில் போகலாம்?

முப்பது, நாற்பது வயதில் "எனக்கு ஆட்டிசமா, ஏடிஎச்டியா, இல்லை இரண்டுமா?" என்று சந்தேகம் வருபவர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. (ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதிலும் புலன் உணர்வுகளிலும் தெரியும் வேறுபாடு; ஏடிஎச்டி என்பது கவனக்குறைவோ மிகைத் துடிப்போ, அல்லது இரண்டுமோ உள்ள நிலை.) இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாளை நிரப்பிப் பார்த்து அதோடு நின்றுவிடலாம். மனநல மருத்துவரிடம் போகலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது உளவியல் நிபுணர் ஒருவரிடம் விரிவான பரிசோதனை செய்துகொள்ளலாம். வீடியோ காலில் சீக்கிரம் முடித்துத் தரும் சேவைகளும் வந்துவிட்டன. அவரவர் வசதிக்கு ஏற்றது என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் போவதே மேல். அப்படி ஒருவர் கிடைக்காதபோது எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

முதலில் கேள்வித்தாள்கள். ஏடிஎச்டிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் இருக்கிறது. அதில் 18 கேள்விகள். முதல் ஆறை மட்டும் வைத்தே ஆரம்பக் கணிப்பு செய்வார்கள். ஆட்டிசத்துக்கு 2001இல் வந்த ஏக்யூவில் 50 கேள்விகள், ராட்ஸ்-ஆரில் 80. செலவில்லை, காத்திருப்பு இல்லை, யாரிடமும் விளக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இவை வெறும் சல்லடைகள். ராட்ஸ்-ஆரில் 65 மதிப்பெண்ணை எட்டினாலே ஆட்டிசமாக இருக்க வாய்ப்பு என்பது கணக்கு. கடுமையான பதற்றம் உள்ளவர்களும் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

காரணம் எளிது. கேள்வித்தாள் என்ன நடக்கிறது என்று கேட்கும், ஏன் நடக்கிறது என்று கேட்காது. பத்துப் பேர் பேசும் இடத்தில் பேச்சைப் பின்தொடர முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சத்தமும் ஒரே அளவில் காதில் விழுவதால் இருக்கலாம். மனம் வேறெங்கோ போய்விட்டதால் இருக்கலாம். தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ என்ற கவலையாலும் இருக்கலாம். மூன்று பேரும் ஒரே கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். அந்த 'ஏன்' தெரிய எதிரில் ஒருவர் உட்கார்ந்து கிளறிக் கிளறிக் கேட்க வேண்டும்.

இருந்தாலும் மருந்தும் வேண்டாம், அலுவலகத்தில் காட்டச் சான்றிதழும் வேண்டாம், தன்னைப் புரிந்துகொண்டால் போதும் என்பவர்கள் இங்கேயே நிற்பதில் தவறில்லை. காதடைப்பான் வாங்க மருந்துச்சீட்டு தேவையில்லையே.

மனநல மருத்துவரின் பெரிய பலம் மருந்து. மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்துகளோ, ஊக்க மருந்து வகையில் சேராத அடோமாக்செடினோ ஏடிஎச்டி உள்ள பலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. கொடுக்கும் முன் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இதய நோய் வரலாறு எல்லாம் பார்க்க வேண்டும். இன்னொரு பலம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: கவனச்சிதறல் போலவே தோன்றும் தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க மருத்துவக் கண் வேண்டும்.

பலவீனம் ஆட்டிசத்தில் தெரியும். அதன் அடிப்படைப் பண்புகளுக்கு மருந்து கிடையாது. நேரமும் குறைவு. அதனால் பேச்சு தானாகவே ஏடிஎச்டி பக்கம் சாய்ந்துவிடும். "வேலைக்குப் போறீங்க, கல்யாணம் ஆயிடுச்சு, கண்ணைப் பாத்துப் பேசறீங்க, ஆட்டிசமெல்லாம் இருக்காது" என்று ஐந்து நிமிடத்தில் ஒருவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைந்திருக்கலாம் என்று மனநலக் கோளாறுகளைக் கண்டறியப் பயன்படும் டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இப்படி மறைத்து மறைத்தே காலம் தள்ளிய பெண்கள் எத்தனையோ பேர்.

சைக்காலஜிஸ்டிடம் கிடைப்பது நேரம். பொதுவாகப் பல மணி நேரம், சில சமயம் பல அமர்வுகள். ஏடிஎச்டிக்கு டிவா-5 நேர்காணல், ஆட்டிசத்துக்கு நேரில் பேசிக் கவனித்து மதிப்பிடும் ஏடாஸ்-2இல் பெரியவர்களுக்கான நான்காம் பகுதி, பெற்றோரிடம் நடத்தும் ஏடிஐ-ஆர் நேர்காணல் போன்றவை பயன்படும். கூடவே ஐக்யூ தேர்வு, கணினியில் கவனத்தை அளக்கும் தேர்வு என்று சேர்ந்துகொள்ளும். அந்தக் கணினித் தேர்வுகளைப் பார்த்து ரொம்பவும் அசந்துவிட வேண்டாம். அமைதியான அறை, புதிய வேலை, பக்கத்தில் ஒருவர்: இந்தச் சூழலில் ஏடிஎச்டி உள்ளவர் பிரமாதமாகச் செய்துவிடலாம். அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து உண்டு, இல்லை என்று முடிவு செய்ய முடியாது. ஏடாஸ்-2க்கும் இதே கதைதான். நன்றாக மறைக்கப் பழகியவர்களை அது தவறவிடக்கூடும். குழந்தைப் பருவம் முதல் இன்றுவரை பொறுமையாகக் கேட்பதுதான் பரிசோதனையின் உயிர்நாடி. செலவு அதிகம், பெரும்பாலான இடங்களில் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது. அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் மறுபடி ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

வீடியோ கால் சேவையில் வீடியோ ஒரு குறையே இல்லை. வெளிச்சமும் இரைச்சலும் தாங்காதவர்களுக்கு வீட்டிலிருந்து பேசுவது நிம்மதி. வேகம்தான் பிரச்சினை. ஏடிஎச்டி என்று சொல்ல 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், அவை இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். சிறுவயதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கையில் கொடுக்கும் அறிக்கையை அடுத்த மருத்துவர் ஓரமாக வைத்துவிடுவார்.

சரி, இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்? 2013இல் டிஎஸ்எம்-5 வரும்வரை ஆட்டிசம் என்று முடிவானவருக்கு ஏடிஎச்டியும் உண்டு என்று எழுத விதி இடம் தரவில்லை. அந்தக் காலத்தில் பயிற்சி பெற்ற சிலர் இன்னும் ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் இருப்பவரிடம் ஒன்று மற்றொன்றை மூடி மறைக்கும். ஒரு பக்கம் மாறாத ஒழுங்கு வேண்டும், இன்னொரு பக்கம் அதே ஒழுங்கு சலித்துப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் ஒழுங்கு, கொஞ்சம் குழப்பம், சாதாரண ஆள். உள்ளுக்குள் ஓயாத இழுபறி.

ஒவ்வொன்றாகத்தான் முடியும் என்றால், வேலையை முடிக்க முடியாமல் திணறுபவர் ஏடிஎச்டியில் தொடங்கட்டும். மருந்து என்ற உடனடிப் பயன் அங்கேதான் இருக்கிறது. கவனம் சீரானபின் ஆட்டிசப் பண்புகள் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. ஆட்களோடு பழகியபின் நாள்கணக்கில் களைத்துக் கிடப்பவர், சத்தமும் தொடுதலும் தாங்காதவர் ஆட்டிசத்தில் தொடங்குவது நல்லது.

யாரிடம் பதிவு செய்தாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவம் உண்டா, இரண்டையும் பார்ப்பீர்களா, எழுத்தில் அறிக்கை தருவீர்களா? பெற்றோர் இல்லையென்றாலோ அவர்களிடம் கேட்க முடியாத நிலை என்றாலோ அண்ணன், அக்கா, பழைய பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் எல்லாம் உதவும். இரண்டும் இல்லை என்று பதில் வந்தால் உடனே எழுந்து வந்துவிடாமல், "அப்படியானால் என் சிரமங்களுக்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால் இன்னொருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.