பிரிண்டர் நல்ல பிரிண்டர், கூட வரும் செயலிதான் வேண்டாம்

சுங்கை சிப்புட் டவுனில் வாங்கிய வைஃபை பிரிண்டர், டேங்கில் மை ஊற்றுகிற வகை, விலை ஐந்நூறு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. எழுத்து பளிச்சென்று விழுகிறது, மையும் சீக்கிரம் தீருவதில்லை. அச்சில் ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் செயலியில்தான். கைப்பேசியில் போட்டதுமே கணக்குத் திறக்கச் சொல்கிறது, மின்னஞ்சல் கேட்கிறது, அப்புறம் லொக்கேஷன். பழைய ஆண்ட்ராய்டில் வைஃபை தேடவே லொக்கேஷன் அனுமதி வேண்டும், அதனால் அதைக்கூட விட்டுவிடலாம், ஆனால் என் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்கள் ஒரு பிரிண்டருக்கு எதற்கு? கீழே 'பயன்பாட்டுத் தகவலைப் பகிர்' என்று ஏற்கெனவே டிக் விழுந்த ஒரு கட்டம். விளக்கத்தைத் திறந்தால், எத்தனை பக்கம் அடித்தோம், எந்த நேரத்தில், எந்த மென்பொருளிலிருந்து, கோப்பு என்ன வகை, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் கம்பெனிக்குப் போகுமாம். தாளில் எழுதியிருப்பது போகாது என்கிறார்கள், சரி. ஆனால் ஸ்கேன் செய்து அவர்களுடைய கிளவுடில் சேமித்தால் தாளே போய்விடுகிறதே!

தோட்டக் குடியிருப்பில் ஒரு வீட்டில் பிரிண்டர் இருந்தால் அது அந்த வீட்டுக்கு மட்டும் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஐசி (அடையாள அட்டை), எதிர்வீட்டு அண்ணனின் இபிஎஃப் (சேமநிதி) கணக்கு, உதவி பாரத்துக்கு வைக்கிற சம்பளச் சீட்டு, கிளினிக் கடிதம் எல்லாம் இதில்தான் நகலாகின்றன. நான் தட்டுகிற ஒரு 'சம்மதம்' அவர்களுக்கும் சேர்த்து என்றால் அது நியாயமே இல்லை. மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த மாதிரி அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும், இந்தச் செயலியில் நான் பார்த்தது ஆங்கிலம் மட்டும்தான்.

செயலியை எடுத்துவிட்டு யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தேன், பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் மட்டும் போதும், கணக்கு கேட்பதில்லை, ஸ்கேனும் ஓடுகிறது. பெட்டியில் கேபிள் இல்லை, கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவர் போடும்போதும் அந்த டிக் வரும், எடுத்துவிடுங்கள். பின்னால் விற்பதாக இருந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் கொடுக்காதீர்கள், வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் அதற்குள்ளேயே கிடக்கும்.

கலர் லேசர் வாங்கினால் தப்பிக்கலாம் என்றும் நினைக்கவேண்டாம். அவற்றில் பல, கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளைத் தாளில் அடிக்கின்றன. ஜெராக்ஸ் டாக்குகலர் பிரிண்டர் அடித்த புள்ளிகளில் தேதி, நேரம், இயந்திரத்தின் சீரியல் எண் இருப்பதை அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்கிற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2005-இலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது.

கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும் அதே 2010 சட்டத்தில் இடமிருக்கிறது. கணக்கை அழிக்கச் சொல்லி எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. அச்சுக்கு நாலரை நட்சத்திரம், செயலிக்கு ஒன்று.