ஹல் செல் கிட் (தொட்டி சொல்யூஷன கொஞ்சமா எடுத்து ஒரு தகட்டுல ஓட்டி டெஸ்ட் பண்றது) வாங்கி 8 மாசம் ஆச்சு, காப்பர் பிளேட்டிங் பண்றவங்க வாங்கலாமா?

கோயம்புத்தூர்ல சின்னதா பிளேட்டிங் யூனிட் வச்சிருக்கேங்க, இரும்பு கைப்பிடி, ஃபர்னிச்சர் ஃபிட்டிங்ஸ் எல்லாம் காப்பர் போட்டு மேல நிக்கல் குரோம் போடுற வேலை. ஆசிட் காப்பர் (காப்பர் சல்பேட், சல்ப்யூரிக் ஆசிட் கலந்த சொல்யூஷன்) தொட்டி 1000 லிட்டர். போன கோடையில இருந்து ஜாப் எல்லாம் உள்வளைவுல, மூலையில டல் அடிச்சு வர ஆரம்பிச்சுது, கெமிக்கல் குடுக்குறவர்கிட்ட கேட்டா பிரைட்னர் (பளபளப்பு குடுக்குற கெமிக்கல்) ஊத்துங்கன்னாரு, ஊத்துனா ரெண்டு நாள் பளபளன்னு வரும் மூணாவது நாள் மறுபடி அதே டல், இன்னும் ஊத்துனேன், கடைசியில கைப்பிடிய லேசா வளைச்சாலே காப்பர் வெடிக்கிற அளவுக்கு வந்துருச்சு. சூடு ஏறுனதால இருக்குமோன்னு பார்த்தா காலையில சொல்யூஷன் 26 டிகிரி இருக்கும்போதும் அதேதான். அப்பத்தான் இந்த கிட்ட வாங்குனேன். விலை, ரெண்டு கேன் பிரைட்னர் காசுதாங்க.

உள்ள என்ன வருதுன்னா 267 மில்லி பிடிக்கிற அக்ரிலிக் செல், 5 ஆம்ப் ரெக்டிஃபையர் (டிசி கரண்ட் குடுக்குறது), பாஸ்பரஸ் காப்பர் ஆனோட் (பிளஸ் பக்கம் மாட்டுற காப்பர் தகடு) ஒண்ணு, பித்தளை பேனல் (காப்பர் ஏறுற டெஸ்ட் தகடு) 10, பேனல்ல எங்க எவ்வளவு கரண்ட்னு பார்க்குற ஸ்கேல். செல்லோட ஒரு பக்கம் சாய்வா இருக்கும், பேனல அங்க வைக்கணும், ஒரு முனை ஆனோடுக்கு கிட்ட மறு முனை தூரமா இருக்கிறதால 2 ஆம்ப் குடுத்தா டெசிமீட்டர் ஸ்கொயருக்கு 10 ஆம்ப் ஏரியால இருந்து 1க்கும் கீழ வரைக்கும் ஒரே தகட்டுல தெரிஞ்சிரும். அதாவது உங்க ஜாப்போட விளிம்பு எப்படி வரும், குழி எப்படி வரும் ரெண்டையும் 10 நிமிசத்துல பார்த்துக்கலாம்.

என் தொட்டி சொல்யூஷன ஓட்டுனதும் பேனல்ல பாதிக்கு மேல புகை படிஞ்ச மாதிரி டல். 0.1 மில்லி பிரைட்னர் விட்டேன், அது 1000 லிட்டருக்கு கிட்டத்தட்ட 375 மில்லிக்கு சமம், பெருசா ஒண்ணும் மாறல. அடுத்து பாதி தொட்டி சொல்யூஷன், பாதி புதுசா டிஎம் வாட்டர்ல (உப்பு நீக்குன தண்ணி) கரைச்ச காப்பர் சல்பேட்டும் சல்ப்யூரிக் ஆசிடும் கலந்து ஓட்டுனேன் பாருங்க, முனையில இருந்து முனை வரைக்கும் கண்ணாடி மாதிரி வந்துச்சு! கண்ணு கலங்கிருச்சுங்க எனக்கு, அத்தனை மாச ரிஜெக்ட்.

புதுசு கலந்தா சரியாகுதுன்னா பழசுல ஏதோ கூடிப்போச்சுன்னுதானே அர்த்தம், லேப்ல குளோரைடு டெஸ்ட் குடுத்தா 180 பிபிஎம் (லிட்டருக்கு 180 மில்லிகிராம்). 60ல இருந்து 100க்குள்ள இருக்கணும். ஆவியாகுற தண்ணிக்கு பதிலா நாங்க போர் தண்ணி ஊத்திட்டு இருந்தோம், தண்ணி ஆவியா போகும், அதுல இருக்குற குளோரைடு உப்பு தொட்டியிலயே தங்கும், வருசக்கணக்கா சேர்ந்துருச்சு. ஆனோட் மேல வெள்ளையா ஒரு படலம் இருந்தப்பவே நான் யோசிச்சிருக்கணும். பாதி சொல்யூஷன டிரெய்ன்ல விடாம கேன்ல பிடிச்சு டிரீட்மென்ட்டுக்கு அனுப்பிட்டு புதுசு சேர்த்தோம், இப்ப டிஎம் வாட்டர் மட்டும்தான். குளோரைடு கம்மியானாலும் தொல்லைதான், விளிம்பு கருகும், கோடு கோடா வரும், அதனால சும்மா குறைச்சிட்டே போகாதீங்க.

இந்த கிட்டால முடியாததும் இருக்கு. காப்பர் உரியுதுன்னா இதுல தெரியாது, அது கிளீனிங்லயோ ஸ்ட்ரைக்லயோ (முதல்ல போடுற மெல்லிசான காப்பர் பூச்சு) பார்க்கணும், இரும்ப நேரா ஆசிட் காப்பர்ல இறக்குனா கரண்ட் குடுக்கிறதுக்கு முன்னாடியே மேலாப்புல ஒரு காப்பர் ஒட்டும், தேய்ச்சா வந்துரும், சயனைடு ஸ்ட்ரைக் இல்லாம பண்ணாதீங்க. மணல் மணலா சொரசொரப்பா வர்றதும் நேரா நிக்கிற பேனல்ல சரியா தெரியாது, பேனல எல் மாதிரி மடிச்சு போட்டா படுத்த பக்கத்துல துகள் உக்காரும், அப்ப ஆனோட சுத்தி கட்டுற பை கிழிஞ்சிருக்கா ஃபில்டர் ஓடுதான்னு பாருங்க.

குறைன்னு சொன்னா ஏர் பம்ப் குடுக்கல, காத்து இல்லாம ஓட்டுனா தொட்டிக்கும் பேனலுக்கும் சம்பந்தமே இருக்காது, மீன்தொட்டி பம்ப் வாங்கி ட்யூப்ல ஓட்டை போட்டு பேனல் அடியில விட்டேன். கிளிப் மூணே மாசத்துல பச்சை பூத்துருச்சு. 10 பேனல் சீக்கிரம் தீர்ந்துரும், இப்ப பித்தளை ஷீட்ட 100க்கு 75 மில்லிமீட்டர் வெட்டி பஃப் போட்டு வச்சுக்கிறேன். 5க்கு 4 குடுப்பேன், பம்ப் சேர்த்து குடுத்திருந்தா 5. ஒவ்வொரு பேனல்லயும் தேதி எழுதி சுவத்துல மாட்டி வச்சிருக்கோம், திங்கக்கிழமை காலையில பையன் ஒரு பேனல் ஓட்டிட்டுத்தான் ஜாப் மாட்டுன ராக்க தொட்டியில இறக்குவான்.