நாட்டிங்ஹாம் பழைய பப்பைப் பார்க்கப் போகிறவர்களே, 168 பவுண்டை விட்டுவிட்டு எழுதுகிறேன்

சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை, ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 168 பவுண்டு. நம்ம ஊர்க் கணக்கில் 20,000 ரூபாய்க்குக் கிட்ட. பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சுற்றுலா டிக்கெட்டும் கைடும் புக் செய்து கொடுக்கிற ஒரு ஆப் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படித் தப்பிக்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பா அம்மா ஒரு மாதம் எங்களோடு இருக்க, இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற லெஸ்டருக்கு வந்திருக்கிறார்கள். தம்பியும் அவன் மனைவியும் அந்த வாரக் கடைசியில் வந்திருந்தார்கள். அப்பா ரிட்டயர்ட் வரலாற்று வாத்தியார், வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவர்தான் 'அந்த 1189 பப்பைப் பார்க்கணும்மா' என்றார். நாட்டிங்ஹாம் கோட்டைப் பாறையின் அடியில், மணற்கல்லைக் குடைந்த குகைகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற 'யே ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம்'. பப் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிற வருஷம் 1189, இங்கிலாந்து ராஜா சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்த வருஷம். சிலுவைப் போருக்குக் கிளம்பிய வீரர்கள் இங்கே இறங்கி ஒரு மொடா குடித்துவிட்டுப் போனார்கள் என்பது கதை. அந்த வருஷத்துக்கு ஆவணம் எதுவும் கிடையாது, இப்போதிருக்கிற கட்டடம் 17ஆம் நூற்றாண்டுதான் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். 'இருக்கட்டுமே, கதைக்கு எதுக்கு கல்வெட்டு' என்றார். அந்த வருஷம் நம்ம ஊரில் மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சி என்று வேறு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆப்பில் தேடினால் 'ராபின் ஹூட் பப், ரகசியக் குகை, பேய்க்கதை, இரவுச் சாப்பாடு' என்று ஒரு பேக்கேஜ். ஆளுக்கு 28 பவுண்டு, ஆறு பேருக்கு 168. நாலரை நட்சத்திரம். 40 பவுண்டு முன்பணம் ஆப்பிலேயே கட்டினேன். பத்து நிமிஷத்தில் கைடு என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார்.

நான் விழுந்த இடம் இதுதான். அந்த ஆள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி உண்டா, படி ஏறுவார்களா என்று கேட்டார். சைவம் என்றதும், 'முட்டை சேர்ப்பார்களா? கேக்கில் இருந்தால் பரவாயில்லையா?' என்று கேட்டார். இந்த ஊரில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ராபின் ஹூட் சிலையின் அம்பை அடிக்கடி யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. உருகிப் போனேன். மறுநாள்தான், 'ஆப் கமிஷன் அதிகம், மிச்சம் 128-ஐ நேரடியாக அக்கவுண்டில் போட்டுவிடுங்கள், அம்மாவுக்குத் தனிச் சமையல் சொல்லிவிடுகிறேன்' என்றார். போட்டேன். போடும்போது, அக்கவுண்டில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று பேங்க் ஆப் எச்சரித்தது. கேட்டதற்கு 'பிசினஸ் அக்கவுண்ட்' என்றார். சரி என்று அழுத்தினேன். படித்தவள்தான், என்னத்தைச் சொல்ல.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கோட்டைச் சுவருக்கு வெளியே, ராபின் ஹூட் சிலையடியில் நிற்கச் சொன்னார். பச்சைக் குடையோடு வருவாராம். தூறல். ஐம்பது நிமிஷம் நின்றோம். பச்சைக் குடையோடு வந்த ஒவ்வொருவரையும் அம்மா கும்பிடப் போனாள். நான் அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் ஒற்றை டிக். அழைத்தால் போகவில்லை.

சரி என்று இறங்கி பப்புக்கே போய், வந்திருந்த கியூஆர் கோடைக் காட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் தன் போனில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர்களுடைய சொந்த வெப்சைட்! யார் வேண்டுமானாலும் திறக்கிற பக்கம். எங்கள் பெயரில் டேபிளும் இல்லை, சாப்பாடும் இல்லை. 'ஸாரி, டக்' என்றாள். அந்த ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'ஏண்டி நம்மள வாத்துங்கறா?' என்று அம்மா கேட்டாள். அந்த நேரத்தில் அது எனக்குச் சரியான பெயராகத்தான் பட்டது.

பப் மேல் ஒரு தப்பும் இல்லை. உள்ளே போக டிக்கெட்டே கிடையாது. ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கினால் போதும், மாடியில் 'ராக் லவுஞ்ச்' வரை போய் உட்காரலாம். 168 பவுண்டுக்கு எனக்கு விற்றது அதைத்தான்.

அங்கேதான் அந்தக் கப்பல் இருக்கிறது. பாய்மரக் கப்பல் பொம்மை ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள். தூசி என்றால் சாதாரணத் தூசி இல்லை, பாயும் கயிறும் ஒன்றாகிக் கருப்புக் கம்பளி போர்த்தின மாதிரி. கடைசியாக அதைத் துடைத்த மூன்று பேரும் மர்மமாகச் செத்துப்போனார்களாம், அதனால் யாரும் துடைப்பதில்லை. நம்ம ஊரில் முனி இருக்கிற புளியமரத்தில் கை வைக்க மாட்டோமே, அப்படி. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. ஆப்பில் போட்டிருந்த முதல் வரியே 'சாபக் கப்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள்'! தொட்டால் சாவு என்பதுதான் கதையே. இரண்டாவது வரி 'பப்பிலிருந்து மார்ட்டிமர் சுரங்கத்தில் நடை.' 1330-இல் இளம் ராஜா மூன்றாம் எட்வர்டின் ஆட்கள் ரகசிய வழியாகக் கோட்டைக்குள் நுழைந்து, அவர் பெயரில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த மார்ட்டிமரைப் பிடித்தார்களே, அந்தச் சுரங்கம். அதைச் சுற்றிக் காட்டுவது கோட்டைக்காரர்கள், அதற்குத் தனி டிக்கெட். ஊர்க் கதையைக்கூடச் சரியாகப் படிக்காதவனிடம் ஏமாந்திருக்கிறேன்.

(கருத்தரிக்க வைக்கும் என்று நம்புகிற ஒரு பழைய நாற்காலியும் அந்த பப்பில் உண்டு. இந்த ஊர் அரசமரம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் எழுந்து கீழே போய்விட்டாள். அது தனிக் கதை.)

அப்புறம் ஆப்காரர்கள். முதல் இரவு சாட்டில் தானாகப் பதில் சொல்கிற ஒரு ரோபோ, 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஒன்பது தடவை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் வந்து ஸ்க்ரீன்ஷாட் கேட்டார், அனுப்பினேன். அவர் போய் இன்னொருத்தி வந்தாள், மறுபடி அதே ஸ்க்ரீன்ஷாட். மூன்றாவது ஆள் சொன்னது: டூர் 'நிறைவடைந்தது' என்று கைடு குறித்துவிட்டாராம், 40 பவுண்டு வராது. 128 ஆப்புக்கு வெளியே போன பணம், அவர்கள் பொறுப்பில்லை. ஆறுதலுக்கு அடுத்த புக்கிங்கில் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன்! நான் எழுதிய ரிவ்யூ இன்னும் பக்கத்தில் ஏறவில்லை. நாலரை நட்சத்திரம் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறது.

பேங்கில் பேசினேன். 2024 அக்டோபரிலிருந்து இந்த மாதிரி ஏமாந்து அனுப்பிய பணத்தை பேங்க் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் 100 பவுண்டு வரை அவர்கள் கழித்துக்கொள்ளலாம். 128-இல் 100 போனால் 28. ஒரு டிக்கெட் காசு. அதுவும், பெயர் பொருந்தவில்லை என்று சொன்ன பிறகும் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டுத் தொலைக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. ஆப்புக்கு வெளியே ஒரு காசு அனுப்பாதீர்கள். பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பப்புக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், இரண்டு நிமிஷம்தான் ஆகும். பணம் போய்விட்டால் உடனே 159-ஐ அழையுங்கள், உங்கள் பேங்குக்கே இணைப்பார்கள். நான் ஒரு நாள் கழித்துத்தான் அழைத்தேன்.

168 என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. 40 பவுண்டு போச்சு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கே இரண்டு நாளாக இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி கூடக் கேட்காமல் சாப்பிடுகிறார்.