ஸ்டாக் முகவரி எச்சரிக்கையுடன் ஆறு ஆண்டுகள்

‘லோக்கல் மாறியின் முகவரியை ஃபங்ஷன் திருப்பி அனுப்புகிறது’ என்று ஜிசிசி என்ற சி கம்பைலர் சொல்லும். ஸ்டாக் நினைவகத்தின் (ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் அதன் லோக்கல் மாறிகளுக்குச் சொந்தமான இடத்தின்) முகவரி திரும்புகிறது என்று கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் கொஞ்சம் நீட்டி முழக்கும். இரண்டிலுமே எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் தானாகவே வரும் எச்சரிக்கை இது. பழைய சி நிரல் ஒன்றைப் பராமரிக்க எடுத்துக்கொண்ட முதல் வாரத்திலேயே இதைப் பார்த்தேன். பார்த்தும் கண்டுகொள்ளவில்லை.

தேதியை எழுத்தாக்கித் தரும் சின்ன ஃபங்ஷன் அது. உள்ளே எழுத்துகளை வரிசையாக வைக்க 32 பைட் அரே. எழுத்தை வடிவமைத்து எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் அதை நிரப்பும், கடைசி வரி அந்த அரேயின் முகவரியைத் திருப்பி அனுப்பும். கிளாங்கில் தேதி பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஜிசிசிக்கு மாற்றியதும் முதல் அழைப்பிலேயே நிரல் விழுந்தது. ஜிசிசியில்தான் கோளாறு என்று ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது செய்தது உபகாரம். இப்படித் திரும்பும் முகவரிக்குப் பதிலாக அது நல் பாயிண்டரை, அதாவது எந்த இடத்தையும் சுட்டாத முகவரியை, வைத்துவிடுகிறது. கிளாங்கோ கேட்ட முகவரியையே கொடுத்துவிடுகிறது. ஃபங்ஷன் முடிந்ததும் ஸ்டாக்கை யாரும் துடைப்பதில்லை. அடுத்த ஃபங்ஷன் வந்து அதன்மேல் எழுதும்வரை பழைய எழுத்துகள் அங்கேயே கிடக்கும். பிழையைத் தேட நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்தால், அந்த பிரிண்ட்எஃப்பே தேதியை அழித்துவிடும்.

அரேக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல் சேர்த்தேன். அப்படிச் செய்தால் அரே ஸ்டாக்கில் இல்லாமல் நிரல் முடியும்வரை ஒரே இடத்தில் இருக்கும். எச்சரிக்கை போயிற்று. எட்டு மாதம் கழித்து அறிக்கை ஒன்றில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் எல்லா வரிகளிலும் ஒன்றாகவே இருந்தன. ஒரே பிரிண்ட்எஃப்புக்குள் அந்த ஃபங்ஷனை இரண்டு முறை அழைத்திருந்தோம். இரண்டு அழைப்புக்கும் அதே 32 பைட். ஐபி முகவரியை எழுத்தாக்கும் ஐநெட்_என்டிஓஏ-வை ஒரே வரியில் இரண்டு முறை அழைத்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்கள் வந்தபின் நிலைமை இன்னும் மோசம்.

ஒவ்வொரு அழைப்புக்கும் தனி நினைவகம் வாங்கித் தரும் மால்லாக் போட்டுப் பார்த்தோம். பிழை தீர்ந்தது, ஆனால் வாங்கியதை ஃப்ரீ செய்ய, அதாவது விடுவிக்க, யாருக்கும் நினைவில்லை. பதிவு எழுதும் லாக் வரிக்குள் நேரடியாக அழைத்த இடங்களில் ஃப்ரீ செய்யப் பாயிண்டரே கையில் இல்லை.

நிலைத்தது இதுதான்: இடத்தையும் அதன் அளவையும் அழைப்பவரே கொடுக்க வேண்டும். இங்கும் ஒரு முறை சறுக்கினேன். அளவைத் தனியாக வாங்காமல், அவசரத்தில் ஃபங்ஷனுக்குள்ளேயே அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டேன். அங்கே அது அரே அல்ல, பாயிண்டர். 64 பிட் கணினியில் 8 பைட். முடிவுக் குறிக்கு ஒரு பைட் போக, 2024-03-15 என்று வர வேண்டிய தேதி 2024-03 என்று நின்றது. அப்போது கூடுதல் எச்சரிக்கைகள் எதையும் இயக்கியிருக்கவில்லை. சின்ன அரேயாக இருந்தால், மதிப்புகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் வைத்து மதிப்பாகவே திருப்பி அனுப்பலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான், ஏனோ பலர் தயங்குகிறார்கள்.

2022-இல் வந்த ஜிசிசி 12, மைனஸ் டபிள்யூஆல் என்ற கூடுதல் எச்சரிக்கைகளுக்கான ஆப்ஷனை இயக்கியிருந்தால், லோக்கல் மாறியின் முகவரியை வெளியே இருக்கும் ஸ்ட்ரக்ட்டில் சேமித்தாலும் எச்சரிக்கிறது. எங்களுக்கு அதில் ஒரு நிஜப் பிழை சிக்கியது, மற்றவை வீண் கூச்சல். லினக்ஸ் கெர்னலில் அதே ஆண்டு இந்த எச்சரிக்கையை அணைத்தே வைத்தார்கள். ஸ்டாக்கில் இருக்கும் கணுவைப் பட்டியலில் கோத்து, திரும்புவதற்குள் கழற்றிவிடுவது அங்கே வழக்கமான முறை. நாங்கள் அப்படிப்பட்ட இரண்டு இடங்களில் மட்டும் பிராக்மா என்ற கம்பைலர் கட்டளை போட்டு அடக்கினோம்.

எச்சரிக்கையே வராத இடங்கள்தான் ஆபத்து. வெற்றிடம் நீக்கும் ஃபங்ஷன் வேறொரு கோப்பில் இருந்தது. அதற்கு லோக்கல் அரேயைக் கொடுத்து, அது தந்த பாயிண்டரை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தோம். கம்பைலருக்குத் தெரியவில்லை. நிரல் ஓடும்போதே நினைவகப் பிழைகளைத் தேடும் அட்ரஸ் சானிட்டைசர் பிடித்தது, அதுவும் திரும்பிய பின் ஸ்டாக்கைத் தொடுவதைக் கண்காணிக்கும் ஆப்ஷனை இயக்கிய பிறகுதான். லினக்ஸில் கிளாங் 15 முதல் அது தானாகவே இயங்குகிறது; ஜிசிசியில் 13 முதல்.

இப்போது இந்த எச்சரிக்கை வந்தால் பில்டே நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன். பழைய ஸ்டாட்டிக் ஒன்று மட்டும் லாக் எழுதும் நிரல் கோப்பில் இன்னும் இருக்கிறது. மேலே ‘ஒரு வரியில் இரண்டு முறை அழைக்காதே’ என்று நானே எழுதி வைத்த குறிப்பு.